சோனார் சிவப்பு காட்டினால் எங்கே தொடங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சோனார்க்யூப் போன்ற கருவிகள் கோடைப் படித்து அதன் சிக்கலை எண்ணாகச் சொல்லும் தானியங்கித் தரச் சோதனைகள் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டிவிட்டது, இனி என்ன செய்வது? ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டில் இருக்கிறேன். என் புராஜெக்டில் ஒரு ஃபங்ஷனுக்கு சைக்ளோமேட்டிக் காம்ப்ளெக்சிட்டி 14 என்று வருகிறது. எதை எண்ணி 14 என்கிறார்கள்?

ஓட்டம் பிரியும் இடங்களை. இஃப், ஃபார், வைல், கேஸ், கேட்ச் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. பெரும்பாலான கருவிகள் நிபந்தனைக்குள் வரும் ஆண்ட், ஆர் குறிகளையும் எண்ணும். மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டினால் விடை. கிளையே இல்லாமல் மேலிருந்து கீழே நேராக ஓடும் ஃபங்ஷனுக்கு 1. உங்களுடையதில் 13 இடங்களில் வழி பிரிகிறது. தாமஸ் மெக்கேப் 1976-இல் கிராஃப் தியரியை வைத்து உருவாக்கிய கணக்கு இது.

இதற்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. எல்லாக் கிளைகளையும் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்க அதிகபட்சம் எத்தனை டெஸ்ட் தேவைப்படும் என்பதை இந்த எண் சொல்லிவிடும். எல்லாப் பாதைகளுக்கும் அது போதும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்து இஃப் இருந்தால் சைக்ளோமேட்டிக் எண் 11தான். ஆனால் உள்ளே நுழைந்து வெளியேறும் வழிகள் 1024. அந்தப் பெருக்கத்தைப் பிடிக்கத்தான் என்-பாத் என்ற இன்னோர் அளவு இருக்கிறது. ஜாவா கோடைச் சோதிக்கும் பிஎம்டி, செக்ஸ்டைல் இரண்டு கருவிகளும் அதை 200-க்கு மேல் போனால் எச்சரிக்கும்.

கேள்வி: ஒரே ஃபங்ஷனுக்கு சோனார்க்யூப் இரண்டு எண் காட்டுகிறது. சைக்ளோமேட்டிக் 9, காக்னிட்டிவ் 27. எதை நம்புவது?

இரண்டையும், வெவ்வேறு காரியத்துக்கு.

காக்னிட்டிவ் காம்ப்ளெக்சிட்டி, சோனார்க்யூபை உருவாக்கிய சோனார்சோர்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. படிக்கிற ஆள் தலையில் எத்தனை விஷயத்தைச் சுமந்துகொண்டு வரியைத் தாண்ட வேண்டும் என்று மதிப்பிடப் பார்க்கிறது. ஃபாருக்குள் ஃபார், அதற்குள் இஃப் என்று வைத்துக்கொள்வோம். சைக்ளோமேட்டிக் கணக்கில் மூன்று கிளை, கூட ஒன்று, ஆக 4. காக்னிட்டிவ் கணக்கில் முதல் ஃபாருக்கு 1, உள்ளே இருக்கும் ஃபாருக்கு 2, அதற்கும் உள்ளே இருக்கும் இஃப்புக்கு 3, ஆக 6. ஆழம் கூடக் கூட அபராதம் கூடும். நேர்மாறாக, இருபது கேஸ் கொண்ட ஒரு தட்டையான ஸ்விட்சுக்கு சைக்ளோமேட்டிக் 21 கொடுக்கும். காக்னிட்டிவ் 1 மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த ஸ்விட்சைப் படிக்க யாரும் திணறப் போவதில்லை என்பதால் அது நியாயம்தான். ஆனால் அதற்கு இருபது டெஸ்ட் எழுத வேண்டும் என்பதும் உண்மை.

உங்கள் 9-உம் 27-உம் சொல்வது தெளிவு: கிளைகள் குறைவு, ஆனால் ஒன்றுக்குள் ஒன்றாகப் புதைந்திருக்கின்றன. அடைப்புக்குறிகளின் ஆழத்தைக் குறைத்தாலே இரண்டாவது எண் மளமளவென்று இறங்கும்.

மனிதத் தலைக்குள் நடப்பதைக் கருவி முழுசாக அளந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். ரஸ்ட் மொழியின் சோதனைக் கருவியான கிளிப்பி, இதே பெயர் கொண்ட தன் விதியை இயல்பாக அணைத்தே வைத்திருக்கிறது. நீங்களாகக் கேட்டாலொழிய அது ஓடாது.

கேள்வி: வரம்பை எத்தனையில் வைப்பது? டீமில் இதற்கே மூன்று மீட்டிங் போய்விட்டது.

அந்த நேரத்தில் நான்கு ஃபங்ஷனைச் சரிசெய்திருக்கலாம். மெக்கேப் சொன்னது 10. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 1996-இல் வெளியிட்ட வழிகாட்டி 10-ஐ ஏற்றுக்கொண்டு, தகுந்த காரணமும் பக்குவமான நடைமுறையும் இருந்தால் 15 வரை போகலாம் என்றது. கருவிகளோ ஆளுக்கொரு எண் வைத்திருக்கின்றன: ரூபோகாப் 7, ரஃப் 10, லிசார்ட் 15, ஈஎஸ்லின்ட் 20. இதிலிருந்தே தெரியவில்லையா, எதுவும் வேதவாக்கு இல்லை என்று?

உங்கள் கோடின் மேல் கருவியை ஒருமுறை ஓட்டி, ஃபங்ஷன்களை எண்ணின்படி வரிசைப்படுத்துங்கள். ஏறக்குறைய எல்லா ஃபங்ஷனும் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்; நீளமான வால் ஒன்று மேலே போகும். வால் எங்கே தொடங்குகிறதோ அங்கே வரம்பை வையுங்கள். வால் குறைந்ததும் வரம்பையும் இறக்குங்கள். பார்சர், ஸ்டேட் மெஷின் போல இயல்பாகவே கிளைகள் அதிகம் உள்ளவற்றுக்கு அந்த ஃபங்ஷனுக்கு மட்டும் விலக்கு கொடுத்து, ஏன் என்று ஒரு வரி கமெண்ட் எழுதச் சொல்லுங்கள். காரணம் எழுதாத விலக்கு மெர்ஜ் ஆகக் கூடாது.

கேள்வி: பதினோரு வருடப் பழைய ஜாவா அப்ளிகேஷன். கருவியை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் எச்சரிக்கை. அடுத்த ஸ்பிரின்ட்டுக்குள் எல்லாவற்றையும் சரிசெய்யச் சொல்கிறார் மேனேஜர். முடியுமா?

முடியாது, செய்யவும் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரம் ஃபங்ஷனை இரண்டு வாரத்தில் திருத்தி எழுதினால், சிக்கல் குறைவதற்கு முன்னால் புது பிழைகள் வந்து நிற்கும். அதிலும் டெஸ்ட் இல்லாத கோட் என்றால் என்ன உடைந்தது என்றே தெரியாது.

முதல் வேலை, இன்றைய நிலையை அப்படியே உறைய வைப்பது. பழைய எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் பதிந்துவிட்டு, புதிதாக வருவதற்கு மட்டும் பில்டை நிறுத்தும் வசதி பல கருவிகளில் இருக்கிறது. பிஎச்பிஸ்டானிலும் டிடெக்டிலும் அதற்கு பேஸ்லைன் என்று பெயர். ரூபோகாப் டூடூ கோப்பு ஒன்றை எழுதித் தரும். உங்களுக்கு ஜாவா என்பதால் சோனார்க்யூபே போதும்: அதன் இயல்பான குவாலிட்டி கேட் (கோடை உள்ளே விடலாமா என்று முடிவு செய்யும் சோதனை), புதிதாக எழுதிய அல்லது மாற்றிய வரிகளை மட்டும்தான் பார்க்கும். இதைச் செய்த அன்றே நிலைமை மோசமாவது நின்றுவிடும். மேனேஜரிடம் காட்ட ஒரு வெற்றியும் கையில் இருக்கும்.

அடுத்து, எதைத் தொடுவது. இங்கேதான் பலர் தவறான பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். எண் அதிகமாக உள்ள ஃபங்ஷன்களை மேலிருந்து கீழே அடுக்கி, முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். முதல் இடத்தில் இருப்பது பெரும்பாலும் ஆறு வருடமாக யாரும் தொடாத ஏதோ ஓர் இறக்குமதி ஸ்கிரிப்டாக இருக்கும். அது அசிங்கமாக இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் தொல்லை இல்லை.

பார்க்க வேண்டியது இரண்டு பட்டியல்கள் சந்திக்கும் இடம். கிட் லாகை (கோடில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவை) ஓராண்டுக்கு எடுத்து, ஒவ்வொரு கமிட்டிலும் தொட்ட கோப்புகளின் பெயரை மட்டும் வரச் செய்து, எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஷெல்லில் ஒரே வரி வேலை. லைப்ரரிகளின் பதிப்பைப் பூட்டி வைக்கும் லாக் (lock) கோப்புகள், தானாக உருவாகும் கோப்புகள், மொத்த புராஜெக்டையும் ஃபார்மட் செய்த கமிட்டுகள் ஆகியவற்றைக் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் அவைதான் முதலிடத்தில் வந்து உட்காரும். சிக்கல் எண்ணை எடுக்க லிசார்ட் வசதி. கம்பைல் செய்யவே வேண்டாம், ஜாவா மட்டுமல்லாமல் பல மொழிகளைப் படிக்கும். அடிக்கடி மாறுவதும் சிக்கலானதுமாக இரண்டு பட்டியலிலும் மேலே இருக்கும் கோப்புகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். டீமில் மூத்தவரிடம் அந்தப் பெயர்களைக் காட்டிப் பாருங்கள், "இதையா, தெரிந்ததுதானே" என்பார். பழுதுகளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

அந்தக் கோப்புகளில் கை வைப்பதற்கு முன் டெஸ்ட் எழுதுங்கள். சரியாக என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இல்லை, இப்போது என்ன செய்கிறது என்பதற்கு. நிஜ உள்ளீடுகள் சிலவற்றைக் கொடுத்து, வரும் விடையை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். விடை தவறாகத் தெரிந்தாலும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அந்தத் தவறை நம்பி வேறு எங்கோ ஒரு ரிப்போர்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். பிறகு, அந்தக் கோப்பில் ஏதாவது வேலை வரும்போதெல்லாம் ஒரு ஃபங்ஷனைச் சுத்தம் செய்யுங்கள். தனி ஸ்பிரின்ட் தேவையில்லை. மறுசீரமைப்பையும் புது வசதியையும் மட்டும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். ரிவ்யூ செய்பவர் பாவம்.

கேள்வி: வரம்பு வைத்ததும் எங்கள் டீமில் எல்லா ஃபங்ஷனும் பார்ட்-1, பார்ட்-2, பார்ட்-3 என்று உடைந்துவிட்டது. பைப்லைன் (தானியங்கிச் சோதனை வரிசை) பச்சை. கோட் முன்பைவிட மோசம். என்ன செய்யலாம்?

எண்ணை மட்டும் கேட்டால் எண்ணை மட்டும்தான் கொடுப்பார்கள். கூடத்தில் கிடந்த சாமானைப் பரணில் ஏற்றிவிட்டு வீடு சுத்தம் என்பது மாதிரி. ஃபங்ஷன் அளவிலான எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான்.

ஆனால் தடயம் இருக்கும். இப்படி உடைத்த துண்டுகளுக்குள் ஏழெட்டு மாறிகள் கைமாறிக்கொண்டே இருக்கும். அதனால் பாராமீட்டர் எண்ணிக்கைக்கும் வரம்பு வையுங்கள். அந்த விதியை இயக்கினால் ஜாவாஸ்கிரிப்டின் ஈஎஸ்லின்ட் 3-க்கு மேலும் பைத்தானின் பைலின்ட் 5-க்கு மேலும் போனால் மறிக்கும். ட்ரூ, ஃபால்ஸ் என்று கொடி அனுப்பி உள்ளே இஃப் போட்டுப் பிரிக்கும் ஃபங்ஷன்களையும் ரிவ்யூவில் கேள்வி கேளுங்கள். துண்டு என்ன செய்கிறது என்று அதைக் கூப்பிடும் இடத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாவிட்டால் அது துண்டே இல்லை.

உண்மையிலேயே சிக்கலைக் குறைக்கும் வழிகளில் எனக்கு முதலாவது, செல்லாத உள்ளீடுகளை வாசலிலேயே திருப்பி அனுப்புவது. பயனர் இல்லையா, ரிட்டர்ன். தொகை பூஜ்யமா, ரிட்டர்ன். மீதி கோட் ஒரே மட்டத்தில் ஓடும். (இப்படிச் செய்தால் பைலின்ட் ஆறு ரிட்டர்னுக்கு மேல் போகக் கூடாது என்று முனகும். ஒரு கருவியைத் திருப்திப்படுத்தினால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். அந்த விதியை நான் அணைத்துவிடுவேன்.)

இரண்டாவது, இஃப்-எல்ஸ் சங்கிலியை அட்டவணையாக மாற்றுவது. மின்கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்லாபுக்கும் ஓர் எல்ஸ்-இஃப் எழுதினால், கட்டணம் மாறும்போதெல்லாம் கோடில் கை வைக்க வேண்டும். எண்ணும் ஏறிக்கொண்டே போகும். மேல்வரம்பு, யூனிட் விலை என்று இரண்டு பத்தி கொண்ட ஒரு பட்டியலை வைத்து, அதன்மேல் ஒரே ஒரு ஃபார் ஓட்டினால் போதும். ஸ்லாப் எத்தனை வந்தாலும் கிளை கூடாது. கட்டண மாற்றத்தைக் கோட் தெரியாதவர்கூட சரிபார்க்கலாம்.

மூன்றாவதாக, நான்கைந்து ஆண்ட், ஆர் கொண்ட நிபந்தனையைத் தனியாக எடுத்து, "சலுகைக்குத் தகுதியா" என்பது போலக் கேள்வியாகவே ஒரு பெயர் வையுங்கள்.

கேள்வி: எண் பெரியதாக இருந்தால் நிஜமாகவே என்ன ஆகிவிடும்? வாடிக்கையாளருக்கு அது தெரியவா போகிறது?

வாடிக்கையாளருக்குத் தெரியாது, நீதிமன்றத்துக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், கார் தானாக வேகமெடுத்தது என்று டொயோட்டா மேல் தொடர்ந்த வழக்கில், வாதித் தரப்பு நிபுணர் மைக்கேல் பார் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பரிசோதித்துச் சாட்சி சொன்னார். 67 ஃபங்ஷன்களின் சைக்ளோமேட்டிக் எண் 50-ஐத் தாண்டியது, எஞ்சினுக்குள் காற்றை விடும் திராட்டிலின் கோணத்தைக் கணக்கிடும் ஃபங்ஷன் 100-ஐயும் தாண்டியது என்றார். ஜூரி டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2011-இல் நாசா செய்த ஆய்வு, வேகமெடுத்ததற்கு மின்னணுக் கோளாறுதான் காரணம் என்று கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணே விபத்தை உண்டாக்கியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்தக் கோடை டெஸ்ட் செய்து பாதுகாப்பானது என்று காட்ட முடியுமா என்ற கேள்விக்கு, அந்த எண்ணை வைத்துக்கொண்டு பதில் சொல்வது கடினம். அதுதான் அங்கே எடுபட்டது.

உங்கள் மேனேஜருக்கு இவ்வளவு பெரிய கதை வேண்டாம். எந்தக் கோப்பில் ஒரு சின்ன மாற்றத்துக்கு மூன்று நாள் ஆகிறது என்று டிக்கெட்டுகளிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: இந்த எண்ணை ஆள்வாரியாகப் பிரித்து அப்ரைசலில் சேர்க்கப் போகிறார்களாம். சரியா?

தவறு. பார்ட்-1, பார்ட்-2 கதைதான் நடக்கும். பழைய, கடினமான மாட்யூலைத் தைரியமாக எடுத்துக்கொள்கிறவர் பெயரில்தான் பெரிய எண்கள் விழும். அதன்பின் அந்த மாட்யூலை யாரும் தொட மாட்டார்கள்.

கேள்வி: ஏஐ எழுதிக் கொடுக்கும் கோடுக்குத் தனி சோதனை வேண்டுமா?

தனி வாசல் வேண்டாம், அதே வாசல். கூடுதலாக, நகல் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் சேருங்கள்: பிஎம்டியோடு வரும் சிபிடி இருக்கிறது. ஒரே தர்க்கம் ஐந்து இடத்தில் சின்னச் சின்ன மாற்றத்தோடு கிடந்தால், ஒவ்வொன்றின் சிக்கல் எண்ணும் அழகாகவே இருக்கும். "இந்த எண்ணைக் குறைத்துக் கொடு" என்று ஏஐயிடமே கேட்பதாக இருந்தால், நான்காவது கேள்வியில் சொன்ன டெஸ்டுகளை முதலில் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பைத்தானில் ஃபிளேக்8 பயன்படுத்துகிறோம். சிக்கல் பற்றி இதுவரை ஒரு எச்சரிக்கையும் வந்ததில்லை. எங்கள் கோட் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

அந்தச் சோதனை அணைந்திருக்கிறது. ஃபிளேக்8-இல் மேக்ஸ்-காம்ப்ளெக்சிட்டிக்கு நீங்களாக ஓர் எண் கொடுக்கும்வரை அது எதையும் எண்ணாது. ரஃப்புக்கு மாறினாலும், சிக்கலை எண்ணும் சி901 என்ற விதி உங்கள் கட்டமைப்புக் கோப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் இதே நிலைதான்: ஈஎஸ்லின்ட்டின் பரிந்துரைத் தொகுப்பில் காம்ப்ளெக்சிட்டி விதி கிடையாது, தனியாக இயக்க வேண்டும். முதலில் 15 கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.