ஊழியம்

கேள்வி: ஆங்கிலத்தில் 'லேபர்' என்றால் உழைப்பு. தொழிலாளர்களுக்கும் அதுதான் பெயர், பிரசவ வேதனைக்கும் அதுதான், பிரிட்டனில் ஒரு கட்சிக்கும் அதுதான். தமிழில் இப்படிப் பல பொருள் தரும் சொல் உண்டா? – வாசகர் ஒருவர், தக்கலை

பதில்: தக்கலையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? குமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு புழங்கும் சொல்லாயிற்றே ஊழியம்! சபைப் பணிக்கு முழுநேரமாகப் போனவரை 'ஊழியத்தில் இருக்கிறார்' என்கிறோம். தாலுகா ஆபீசில் இருப்பவர் அரசு ஊழியர்; மாதச் சம்பளம் உண்டு. மூன்றாவது பொருளைத்தான் மறந்துவிட்டோம்.

அன்று நம் குமரியும் அடங்கியிருந்த திருவிதாங்கூர் ராஜ்யத்தில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதியாரைச் சர்க்கார் ஆள் வந்து கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். சுமை தூக்க வேண்டும், பாதை போட வேண்டும். பனையேறிகள் ஓலை வெட்டிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் சர்க்கார் கணக்கெல்லாம் ஓலையில்தான். யார் எவ்வளவு வரி பாக்கி என்று எழுதிவைத்ததும் பனையோலையில்தான்!

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக அங்கே நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்குள்ள பழைய சண்டையும் இதுதான். 1829ஆம் ஆண்டு அரசாணை பெண்களின் மேலாடையை மட்டுமா தடுத்தது? கிறிஸ்தவர்களானாலும் ஊழியம் செய்துதான் ஆக வேண்டும் என்றும் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விலக்கு. ஞாயிறு நமக்கு இன்று லீவு நாள். அன்று ஒரு பனையேறிக்கு அது சர்க்கார் ஆள் வந்து வாசலில் நிற்க முடியாத நாள். அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். சாதிக் கொடுமையை எதிர்த்த ஆன்மிகத் தலைவர் சாமித்தோப்பு அய்யா வைகுண்டரும் இந்த ஊழியத்தை எதிர்த்துப் பேசியவர்தான். அவரைத் திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். உடையைப் பேசிவிட்டு உழைப்பை விட்டுவிட்டால் அது பாதி வரலாறுதான்.

குமரி 1956இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்ததை ஒவ்வொரு நவம்பர் 1ஆம் தேதியும் கொண்டாடுகிறோம். அந்த இணைப்புக்காகப் போராடிய தலைவர் நேசமணியைப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே மேடையில் ஊழியத்துக்குப் போனவர்களைப் பற்றியும் ஒருவர் பத்து நிமிஷம் பேசட்டும் என்கிறேன். உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா சொன்ன ஊழியக் கதை ஏதாவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்குகிறேன்.