ஜெர்மனியின் பிரேமன் ஒரே மாநிலம், ஆனால் வரைபடத்தில் இரண்டு துண்டாக இருப்பது ஏன்?

எல்லாம் வண்டலால் வந்த வினை. பிரேமன் நகரம் வேசர் ஆற்றின் கரையில், கடலிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. ஆறு மணலால் தூர்ந்துகொண்டே வர, பெரிய கப்பல்கள் நகரம் வரை வர முடியவில்லை. துறைமுகம் இல்லாத வணிக நகரம் எப்படிப் பிழைக்கும்? மேயர் யோகான் ஸ்மிட் 1827இல் ஆற்றின் முகத்துவாரத்தில், ஹனோவர் அரசிடமிருந்து நிலத்தை வாங்கினார். அதுதான் பிரேமர்ஹாஃபன். இரண்டுக்கும் இடையில் சுமார் 60 கிலோமீட்டர். நடுவில் இருப்பது கீழ் சாக்சனி மாநிலம்.

சரி, இவ்வளவு சிறிய ஊர் ஏன் தனி மாநிலம்? 1646இலேயே புனித ரோமப் பேரரசரிடம் சுதந்திர நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் அது. நகரச் சதுக்கத்தில் 1404இல் எழுப்பிய, நகரச் சுதந்திரத்தின் சின்னமான ரோலண்ட் என்ற வீரனின் கற்சிலை, வாளும் கேடயமுமாகப் பேராலயத்தைப் பார்த்து நிற்கிறது. பேராயரின் அதிகாரத்துக்கு நேருக்கு நேர் விட்ட சவால் அது! அதற்கு முன்பிருந்த மரச்சிலையை 1366இல் பேராயரின் ஆட்கள் எரித்துவிட்டார்கள். அதனால்தான் அடுத்ததைக் கல்லில் செய்தார்கள் போலும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுற்றுவட்டாரம் முழுக்கப் பிரிட்டிஷ் வசம். ஆனால் அமெரிக்கர்களுக்கு ஒரு துறைமுகம் தேவைப்பட்டது. அதனால் இந்த இரு ஊர்களும் அவர்கள் கைக்குப் போயின. 1947இல் தனி மாநிலமானது. பரப்பளவில் ஜெர்மனியிலேயே சிறியது, சுமார் 420 சதுர கிலோமீட்டர்தான்.

இங்கே அமைச்சரவைக்கு செனட் என்று பெயர், சட்டமன்றம் ‘பியூர்கர்ஷாஃப்ட்’. மாநில முதல்வரே பிரேமன் நகர மேயரும்கூட. பிரேமர்ஹாஃபனுக்குத் தனி மேயர் உண்டு. ஆனால் வேடிக்கை பாருங்கள், அங்குள்ள பெரிய துறைமுகப் பகுதி பிரேமன் நகரத்துக்குச் சொந்தம்.