வெங்காயம் உரிக்கக் கொடுங்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம். சொல்லிக்கொடுக்கும் பயிற்சியை வீட்டில் யாரும் செய்வதில்லை. அடுத்த கிழமை வந்து, "பிள்ளை, அந்தக் கரண்டைக் கொஞ்சம் வைச்சுவிடுங்கோ" என்று நோவுக்கு வைக்கும் மின்சார சிகிச்சையைக் கேட்கிறார்கள். சலித்துவிட்டது. லண்டனுக்குப் போய்விடலாமா?
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: லண்டன் கதையை முதலில் முடித்துவிடுவோம். அங்கே இந்த வேலை செய்ய எச்.சி.பி.சி. என்ற பிரித்தானியப் பதிவுச் சபையில் பதிவு வேண்டும், ஆங்கிலத் தேர்ச்சி காட்ட வேண்டும். விருப்பமென்றால் போங்கள். ஆனால் பயிற்சி செய்யாத ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள், தங்கச்சி.

நானும் இதே வேலையில் இருந்தவள்தான். ஆரம்பத்தில் கடதாசியில் படம் கீறிக் கொடுப்பேன்: முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அழுத்துங்கள், 5 செக்கன் பிடியுங்கள், 10 தரம். அடுத்த கிழமை அந்தக் கடதாசி மடிப்புக் குலையாமல் கைப்பைக்குள் திரும்பி வரும். ஒருநாள் ஒரு அம்மாவிடம், "என்ன செய்ய ஏலாமல் இருக்கிறது உங்களுக்குக் கவலை?" என்று கேட்டுப் பார்த்தேன். "நல்லூர்த் தேருக்கு நடந்து போகவேணும்" என்றார். கொடியேற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அவருக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்லவேண்டி வரவில்லை. (திருவிழா 25 நாளும் மற்ற ஒருவரும் கிளினிக் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள், அது வேறு கதை.)

பாரிசவாதம் வந்த வீட்டில் நோயாளியைவிட வீட்டாரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். பாவம் என்று சோற்றைக் குழைத்து ஊட்டுவார்கள், சட்டையைப் போட்டுவிடுவார்கள். கை மறுபடி பழக, ஒரே அசைவை நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். கிழமைக்கு அரை மணித்தியாலம் உங்களிடம் வந்து எத்தனை தரம் செய்துவிட முடியும்? விரல் ஓரளவு அசையத் தொடங்கியவர் என்றால், சுளகில் கொஞ்சம் சின்ன வெங்காயத்தைப் போட்டு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். நல்ல கை வெங்காயத்தைப் பிடிக்க, ஏலாத கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் தோலை நுள்ளி இழுக்கட்டும். ஒன்றை உரிக்கப் பத்து நிமிடம் போகும். பார்த்துக்கொண்டிருக்க மனம் பொறுக்காமல் மனைவி பறிக்க வருவார். அவரைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தி வையுங்கள்.

தோள் இறுகியவருக்கு விரலால் சுவரில் ஏறச் சொல்லிவிட்டு, எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு மேலே போவதைப் பேரப்பிள்ளைகளே கணக்கெடுப்பார்கள்.

சரி, கரண்ட்? கேட்டால் வையுங்கள், நோவுக்குக் கொஞ்சம் ஆறுதல்தான். ஆனால் பயிற்சி முடிந்த பிறகு. முதலில் வைத்தால், "இப்ப சுகமாயிருக்கு பிள்ளை" என்று செருப்பைப் போட்டுவிடுவார்கள்.