மரியோவும் சோனிக்கும் ஒரே தெருவில் (வாசகர் கேள்வி-பதில்)

போன இதழில் ஒரு வாசகருக்கு, "நூறு ஹீரோவைக் கூட்டி வைத்தால் மட்டும் கேம் ஆகிவிடாது" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது தப்பாகப் போயிற்று. வெவ்வேறு கேம்களின் நாயகர்கள் ஒரே ஆட்டத்தில் சேரும் கிராஸ்ஓவர் கேம்களுக்கு இத்தனை பக்தர்கள் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. வாளையாரிலிருந்து குப்பம் வரை எல்லையோரத்து ஆட்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான்.

என் மகன் எட்டாவது படிக்கிறான். பொள்ளாச்சியில் மாமா வீட்டில் ஸ்மாஷ் பிரதர்ஸ் விளையாடிவிட்டு வந்ததிலிருந்து அதுதான் வேண்டும் என்று அடம். பார்த்தால் மரியோ, பிக்காச்சு, சோனிக், இன்னும் யார் யாரோ, ஒரே களேபரம். ஆள் சேர்த்துக் காட்டி விற்கிற ஆட்டமா, உள்ளே சரக்கு இருக்கிறதா?
- தென்னந்தோப்புக்காரர், கொழிஞ்சாம்பாறை

சரக்கு இருக்கிறது. அதுவும் மரியோ வந்து சேர்வதற்கு முன்பே இருந்தது. ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய நிறுவனத்தில் இருந்த மசாஹிரோ சகுராய், முகம்கூட இல்லாத பொம்மைகளை வைத்து ஒரு சண்டை ஆட்டத்தை முதலில் செய்து பார்த்தார். அதற்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் சதோரு இவாடா, பின்னால் மரியோவைப் படைத்த நிண்டெண்டோ கம்பெனிக்கே தலைவரானவர். ஆட்டம் நன்றாக வந்தது, ஆனால் பெயர் தெரியாத பொம்மைகளை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அப்புறம்தான் நிண்டெண்டோவின் நாயகர்களை, முதலில் அனுமதிகூடக் கேட்காமல், உள்ளே வைத்து ஓட்டிக் காட்டினார்கள். 1999-இல் வெளிவந்தபோது மொத்தம் 12 பேர்.

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கோயில் தேரும் அதனதன் தெருவில்தான் வருகிறது, ஆனால் மூன்றாம் நாள் சாயங்காலம் தேர்முட்டியில் எல்லாம் ஒன்றாக நிற்பதைப் பார்க்கத்தான் கூட்டம் அள்ளுகிறது. அத்தனை தேரும் வந்து நிற்க இடம் இருப்பதால் அது நடக்கிறது. ஸ்மாஷில் அந்த இடம் என்பது அதன் விதி. அடி வாங்க வாங்க உங்கள் சதவீதம் ஏறும், சதவீதம் ஏற ஏற அடுத்த அடிக்குத் தூரமாகப் பறப்பீர்கள், மேடைக்கு வெளியே போனால் அவுட். சாதா அடிக்கு ஒரு பட்டன், ஸ்பெஷலுக்கு ஒரு பட்டன், கூடவே திசை, அவ்வளவுதான். மரியோவுக்கும் அதே பட்டன், பிக்காச்சுவுக்கும் அதே பட்டன். யாரை எடுத்தாலும் பையனுக்குப் புதிதாகப் பாடம் படிக்க வேண்டியதில்லை, ஆனால் ஒவ்வொருவரும் ஆடுகிற விதம் மட்டும் முழுக்க வேறு.

இந்த வகை ஆட்டங்களின் பெரிய பலம் என்று நான் நினைப்பது இதைத்தான். விருந்தாளி தன் குணத்தோடு வர வேண்டும், ஆனால் வீட்டு விதிப்படி நடக்க வேண்டும். மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச் என்று ஒருவர் இருக்கிறார், எண்பதுகளின் கையடக்க எல்சிடி ஆட்டங்களிலிருந்து வந்தவர். ஸ்மாஷிலும் அவர் தட்டையான கறுப்பு நிழல்தான், அதே மாதிரி விட்டு விட்டுத்தான் அசைவார். கட்டை அடுக்கிக் கட்டுகிற மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் ஸ்டீவ் 2020-இல் வந்தபோது, அவர் போகிற இடமெல்லாம் கட்டை அடுக்க வேண்டும் என்பதற்காகப் பழைய மேடைகளையெல்லாம் மறுபடி திருத்தினார்கள். ஒருவருக்காக இத்தனை வேலை. இதற்கு நேர் எதிர் ஜம்ப் ஃபோர்ஸ், 2019-இல் வந்தது. கோகு, நருடோ, லூஃபி என்று ஜப்பானிய காமிக்ஸ் நாயகர்கள் எல்லோரும் நிஜத் தோல், நிஜத் துணி மாதிரி பளபளப்போடு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நின்று அடித்துக்கொள்வார்கள். லூஃபி ரப்பர் மாதிரி இழுபடுகிற ஆள், அவனுக்கு நிஜத் தோல் போர்த்தினால் மெழுகு பொம்மை மாதிரிதான் இருக்கும், இருந்தது.

வாங்கிக் கொடுங்கள். இதை ஆட நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவி வேண்டும், அது இங்கே பெரும்பாலும் இறக்குமதிச் சரக்காகத்தான் கிடைக்கும், வாரண்டி யார் தருகிறார்கள் என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து வீடியோ கேம் கடையில் காயின் போட்டு கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் ஆடியவன் நான். அதுவும் இந்த வகையில் சேருமா, இல்லை நான் சும்மா பெருமைப்பட்டுக்கொள்கிறேனா?
- செங்கோட்டை வாசகர்

தாராளமாகப் பெருமைப்படுங்கள். 1994-இல் வந்த முதல் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ், எஸ்என்கே நிறுவனம் தன்னுடைய ஃபேட்டல் ஃப்யூரி ஆட்களையும் ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங் ஆட்களையும் இன்னும் சில ஆட்டங்களின் ஆட்களையும் மூன்று மூன்று பேர் அணியாக மோதவிட்ட ஆட்டம்தான். கடையில் நின்ற நமக்கு அது பல ஆட்டம் கலந்தது என்றே தெரியாது, ஃபேட்டல் ஃப்யூரியின் டெர்ரி தொப்பி போட்டிருப்பான், அது போதும். அதே டெர்ரி 2019-இல் ஸ்மாஷுக்கும் போய்ச் சேர்ந்தான்.

ஸ்மாஷ் வரிசையில் வந்த அல்டிமேட் பாகத்தில் 89 பேர் என்கிறார்கள். அத்தனை பேரையும் சமமாக வைக்க முடியுமா சார்? எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் அதே நாலைந்து பேரைத்தான் எடுக்கிறார்கள்.
- கல்லூரி மாணவர், சித்தூர்

முடியாது தம்பி. 89 பேர் என்றால் இவனுக்கு அவன் என்று ஜோடி போட்டுப் பாருங்கள், 3,916 வருகிறது. ஒவ்வொரு ஜோடியும் நியாயமாக இருக்கிறதா என்று எந்தக் கம்பெனியும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மேலே புகழ்ந்தேனே அந்த ஸ்டீவ், அவனைப் பல ஊர்ப் போட்டிகளில் தடை செய்துவிட்டார்கள், அவ்வளவு தொல்லை. மார்வெல் காமிக்ஸ் நாயகர்களும் கேப்காம் என்ற ஜப்பானிய கேம் கம்பெனியின் ஆட்களும் மோதுகிற மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2000-இல் வந்தது. அதில் 56 பேர் இருந்தார்கள், ஆனால் பெரிய போட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தது மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள். மற்றவர்கள் கல்யாண மண்டபத்தில் சாப்பிட வந்தவர்கள் மாதிரி.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்கிறவர்கள் போட்டிக்குப் போகிற ஆட்கள் மட்டும்தான். வீட்டில் ஆடுகிறவனுக்குத் தன் ஹீரோ பட்டியலில் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. 2017-இல் மார்வெல் வெர்சஸ் கேப்காம் இன்ஃபினிட் வந்தபோது வோல்வரின், மேக்னீட்டோ என்று மார்வெலின் எக்ஸ்-மென் கதை ஆள் ஒருவர்கூட இல்லை. சண்டை முறை நன்றாகத்தான் இருந்தது, யாரும் மன்னிக்கவில்லை. இந்த வரிசை தொடங்கியதே 1996-இல், எக்ஸ்-மென் ஆட்களும் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்களும் மோதிய ஆட்டத்தில்தானே. மாப்பிள்ளையே வராத கல்யாணத்தில் பந்தி மட்டும் பிரமாதம் என்றால் என்ன செய்ய?

காசு கொடுத்து ஆன்லைனில் வாங்கிய கேம், கடையிலிருந்தே காணாமல் போகிறது. இந்தக் கூட்டுக் கேம்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
- பாலிடெக்னிக் மாணவர், பாலக்காடு

உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. நானும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கிய ஆட்டத்தை ஹார்ட் டிஸ்க் போனதும் திரும்ப இறக்கப் போனேன், அந்தக் கடையையே மூடிவிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், போன காசு போனதுதான்.

காரணம் சிம்பிள். சொந்த வீடும் வாடகை வீடும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸில் எல்லா ஆளும் எஸ்என்கே ஆள், யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. மார்வெல் ஆட்களை கேப்காம் வைத்து ஆட வேண்டுமென்றால் அது ஒப்பந்தம், ஒப்பந்தத்துக்குக் கெடு உண்டு. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 ஆன்லைன் கடைகளிலிருந்து 2013 கடைசியில் போனது, மறுபடி முறையாக விற்பனைக்கு வந்தது 2024 செப்டம்பரில், பழைய ஆட்டங்கள் சிலவற்றோடு ஒரு தொகுப்பாக. நடுவே பத்து வருஷத்துக்கு மேல் பழைய டிஸ்க் வைத்திருந்தவன்தான் ராஜா. ஜம்ப் ஃபோர்ஸ் மூன்றே வருஷம், 2022 பிப்ரவரியில் விற்பனை நின்றது. டெட் பை டேலைட் என்ற திகில் ஆட்டத்தில், ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் ஆட்கள் வருகிற பகுதியை 2021 நவம்பரில் விற்பனையிலிருந்து எடுத்தார்கள், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குக் கையில் இருந்தது போகவில்லை, அந்த மட்டும் நல்லது.

அப்படியானால் சொந்த வீட்டு ஆட்டம் என்றால் பயமில்லையா என்று கேட்பீர்கள். மல்டிவெர்சஸ் என்ற சண்டை ஆட்டத்தைப் பாருங்கள். பேட்மேன், பக்ஸ் பன்னி, ஷேகி, ஆர்யா ஸ்டார்க், அநேகமாக எல்லோரும் அதை வெளியிட்ட வார்னர் சினிமா கம்பெனியின் வீட்டுப் பிள்ளைகள். 2022 ஜூலையில் பீட்டா, அதாவது சோதனை ஓட்டம், என்ற பெயரில் திறந்தார்கள், அடுத்த வருஷம் ஜூனில் மூடினார்கள், 2024 மே மாதம் முழு ஆட்டமாக மறுபடி திறந்தார்கள், 2025 மே 30-இல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். இலவச ஆட்டம், உள்ளே விற்கிற சாமானில்தான் வருமானம். கூட்டம் குறைந்தால் சர்வருக்கு யார் காசு கட்டுவது? அதனால் வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நெட் இல்லாமல் ஓடுமா, டிஸ்க்கோ கார்ட்டோ கையில் கிடைக்குமா. இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால் அது வாங்குவது இல்லை, வாடகைக்கு எடுப்பது.

கிங்டம் ஹார்ட்ஸ் மூன்றாம் பாகத்தை நேரடியாக எடுத்து ஆடினேன், ஒன்றுமே புரியவில்லை. தப்பு என்மேலா?
- வாசகி, குமுளி

இல்லவே இல்லை அம்மா. டொனால்ட் டக், கூஃபியோடு ஒரு பையன் டிஸ்னி உலகங்களுக்குப் போகிறான் என்று 2002-இல் எளிமையாகத் தொடங்கியது. ஜப்பானில் ஸ்கொயர் என்ற கேம் கம்பெனியும் டிஸ்னியும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது லிஃப்டில் பேசியதில் பிறந்த யோசனை என்று சொல்வார்கள். இரண்டாம் பாகம் 2005, மூன்றாம் பாகம் 2019. நடுவில் சும்மா இருந்தார்களா? கேம்பாய் அட்வான்ஸ், டிஎஸ், பிஎஸ்பி, 3டிஎஸ் என்று ஒவ்வொரு கருவியிலும் கதையின் ஒரு துண்டை வைத்தார்கள், ஒவ்வொன்றும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய துண்டு.

கதை சொல்கிற கூட்டு ஆட்டத்தில் இதுதான் கஷ்டம். சண்டைக்கு மேடை போதும், கதைக்கு எல்லோரும் சேர்வதற்கு ஒரு காரணம் வேண்டும். டிஸ்னி உலகத்துக்குள் நுழைந்தால் அந்தப் படத்தின் கதை அதன் பாட்டுக்கு நடக்கும், நம் பையன் ஓரமாக நின்று தலையாட்டுவான், ஏனென்றால் படத்தின் முடிவை மாற்ற அவனுக்கு வழியில்லை. மூன்றாம் பாகம் வந்த அன்று, முன்பெல்லாம் கூடவே வந்த ஸ்கொயரின் சொந்த ஃபைனல் ஃபேன்டஸி ஆட்களையே காணோம், அடுத்த வருஷம் தனியாக விற்ற கூடுதல் பகுதியில்தான் சிலர் தலைகாட்டினார்கள். இத்தனைக்கும் பாட்டும் சண்டையும் எனக்குப் பிடிக்கும். பழைய பாகங்களைச் சேர்த்துத் தொகுப்பாக விற்கிறார்கள், முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள். நோட்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கடைக்கு வருகிற பசங்க ஃப்ரீ ஃபயர், பப்ஜி என்று அனிமே டிரஸ்ஸுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். அதுவும் நீங்கள் சொல்கிற இந்த வகைதானே அண்ணே?
- மொபைல் ரீசார்ஜ் கடைக்காரர், களியக்காவிளை

பெயருக்கு அதே வகை. கேரளத்தில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து மேட்சுக்கு வெளியூர் ஆளைக் காசு கொடுத்து இறக்குவார்களே, அவன் காலில் ஆட்டம் இருக்கும். இது அவன் ஜெர்சியை மட்டும் வாங்கி நம்ம பையனுக்கு மாட்டிவிடுகிற வேலை. ஃப்ரீ ஃபயரில் 2020 கடைசியில் ரொனால்டோவை வைத்து குரோனோ என்று ஒருவனை இறக்கினார்கள், அவனுக்காவது தடுப்புக் கவசம் என்று சொந்தச் சக்தி ஒன்று இருந்தது. மற்றது பெரும்பாலும் துணிதான். துணியாக இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, ஆட்டத்தின் சமநிலை கெடாது, போடாதவன் தோற்கப் போவதில்லை. அதைக் கடைக்கு வருகிற பசங்களிடம் நீங்கள் சொல்ல மாட்டீர்கள், ரீசார்ஜ் குறைந்துவிடும்!

நம் பக்கத்து நாயகர்களைச் சேர்த்து இப்படி ஒரு கேம் வராதா? தெனாலிராமன் எங்கள் பக்கத்து ஆள், சொல்லிவிட்டேன்.
- குப்பம் வாசகர்

எடுத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். நாட்டுப்புறக் கதை ஆட்களுக்கு உரிமைக்காரர் கிடையாது, கெடு வைத்து யாரும் திரும்பப் பிடுங்க முடியாது, அந்த வகையில் நம் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஆனால் தெனாலிராமன் என்ன சண்டை போடுவான்? எதிரியைப் பேசியே மேடையிலிருந்து இறங்க வைக்கிற மாதிரி ஒரு விதி எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் போடுங்கள்.

ஓணம் லீவுக்கு அக்கா பிள்ளைகள் ஆறு பேர் வருகிறார்கள், ஆறிலிருந்து பதினாறு வயசு வரை. வீட்டில் ஸ்விட்ச் ஒன்று. என்ன போட்டுக் கொடுக்கலாம்?
- சித்தி, வேலந்தாவளம்

ஸ்மாஷ் அல்டிமேட்டே போதும், ஒரே திரையில் எட்டுப் பேர் வரை ஆடலாம். கன்ட்ரோலர் எத்தனை இருக்கிறது என்று முதலிலேயே எண்ணி, முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டு வையுங்கள். பெரியவன் கண்டிப்பாக ஸ்டீவை எடுப்பான், அதை முதல் நாளே தடை செய்துவிடுங்கள். ஆறு வயசுக்காரிக்கு கிர்பியைக் கொடுங்கள். உருண்டையாக இருக்கும், எதிரியை அப்படியே விழுங்கி அவன் வித்தையைத் தான் செய்யும், மேடைக்கு வெளியே போனாலும் காற்றில் ஊதிக்கொண்டு திரும்பி வந்துவிடும். கதைப் பகுதியின் தொடக்கத்தில் அத்தனை நாயகர்களும் அழிந்த பிறகு மிச்சமிருப்பதும் கிர்பி மட்டும்தான், அதை அவளுக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள், அப்புறம் ரிமோட் உங்கள் கைக்கு வராது.