டாங்கிள் மவுஸ் தடுமாறினால்

வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் டாங்கிள் மவுஸ் (போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர் வழியே இயங்கும் வயர்லெஸ் மவுஸ்) தடுமாறுகிறது, புளூடூத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே காசைக் கரைக்க வேண்டாம். யூஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு ஓடும்போது எழும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசைப் பகுதியிலும் பரவுகிறது. டாங்கிள் இயங்குவதும் அங்கேதான். டிஸ்க்கை ஒட்டிய போர்ட்டில் அது இருந்தால் அம்புக்குறி விட்டுவிட்டுத்தான் நகரும். மறுபக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அல்லது ஒரு முழ நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும்.

புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்கு மாறினால் ஒரு போர்ட் மிச்சமாகும், சரி. ஆனால் சும்மா கிடந்த மவுஸ் விழித்துக்கொள்ளச் சற்றுத் தாமதமாகலாம். கணினி தொடங்கும்போதே வரும் பயாஸ் அமைப்புத் திரையில் பெரும்பாலும் வேலையே செய்யாது. போர்ட் பஞ்சம் நிஜமாகவே இருந்தால், இரண்டு வழியிலும் இயங்கும் மவுஸாகப் பார்த்து வாங்குங்கள்.