சட்டமே அனுமதித்துவிட்டதே, இந்தப் படங்களை இனி யாருக்காக எடுக்கிறார்கள்?

2006ஆம் ஆண்டிலிருந்து தென்னாப்பிரிக்காவில் ஒரே பாலினத்தவரின் திருமணமே சட்டப்படி செல்லும் என்றாகிவிட்ட பின்னர், தன்பாலீர்ப்பைப் பற்றிக் கைக்காசைப் போட்டுச் சிறு படங்கள் எடுப்பவர்கள் யாரை எதிர்த்து, யாருக்காக எடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வம்புக்காகக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு பிள்ளை கேமராவும் கையுமாக வந்து பணமோ இடமோ கேட்டிருக்க வேண்டும், "அதுதான் சட்டம் இருக்கிறதே, அப்புறம் என்ன?" என்று நீங்கள் அவனை அனுப்பிவைத்திருக்க வேண்டும். என் ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டு என் தம்பி மகனிடம் நான் சொன்ன சொற்களும் இவையே என்பதால்தான், பதில் எழுதும் பழக்கமில்லாத நான் இதை எழுதுகிறேன்.

நான் திரைப்படக் கலை படித்தவள் அல்லள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் வாழ்பவள். பல ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள். ஆகவே இங்கே நான் சொல்லும் கருத்துகளைத் திறனாய்வாகக் கொள்ளாமல், ஒரு வீட்டுக்காரியின் அனுபவமாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 1996ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் தன் 9ஆம் பிரிவில் பாலியல் நாட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அதன் பொருட்டு யாரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை 1998இல் அரசமைப்பு நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. ஆனால் இத்தனையும் நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜான் ட்ரெங்கோவ் இயக்கிய "இன்க்ஸேபா" என்ற படத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஷோசா இன இளைஞர்களின் விருத்தசேதனச் சடங்கு நடக்கும் மலையில் இரண்டு ஆண்களுக்கிடையிலான காதலைச் சொன்ன அந்தப் படம் 2017இல் வெளிவந்தது. முதன்மை வேடம் ஏற்ற பாடகர் நகானேவுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. பண்பாட்டை இழிவுபடுத்துகிறது என்ற முறையீட்டின் பேரில், 2018 பிப்ரவரியில் திரைப்பட வகைப்பாட்டு வாரியத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஆபாசப் படங்களுக்குரிய வகைக்கு மாற்றிவிட்டது. அதாவது உரிமம் பெற்ற ஆபாசக் கடைகளைத் தவிர வேறெங்கும் அதைக் காட்ட முடியாது. தயாரிப்பாளர்கள் வழக்காடிய பிறகுதான் படம் மீண்டது; ஜூன் மாதத்தில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. ஆகவே சட்டம் கைகொடுக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தது, வழக்காடச் சக்தி உள்ளவர்களுக்குக் கொடுத்தது. பத்தொன்பது நிமிடப் படம் எடுக்கிறவன் அந்த நீதிமன்றம்வரை போவதில்லை. அவன் வழக்கு பெரும்பாலும் யாரோ ஓர் அத்தையின் சமையலறைக் கதவருகே தோற்றுவிடுகிறது.

தம்பி மகனான என் மருமகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. நான்கு நாள் படப்பிடிப்பு, ஏழு பேர் கொண்ட குழு, முப்பத்தெட்டாயிரம் ரேண்ட் செலவு என்று கணக்கெழுதிக் கொண்டுவந்தான்; அந்தப் பணத்தில் பாதி அவன் கார் வாங்கச் சேர்த்துவைத்தது. கதை மிக எளியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் தன் "நண்பனை" மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவருகிறான். தாய்க்கு எல்லாம் தெரியும், ஆனால் அவள் வாய் திறப்பதில்லை. எங்கள் வீட்டைத்தான் வேண்டுமென்றான். சாட்ஸ்வொர்த்து வீடுகளை அறிந்தவர்களுக்கு என் தயக்கம் புரியும்: இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய நிறவெறிக் காலத்துக் குழு வாழிடச் சட்டத்தின்கீழ் 1960களில் நம்மவர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதற்காக நகராட்சி கட்டிய அந்த இரட்டை வீடுகளில், நடுச்சுவர் இரண்டு குடும்பங்களுக்கும் பொது. இந்தப் பக்கம் கடுகு வெடித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தச் சுவருக்கு இப்பால் உட்கார்ந்து என் மருமகன் எந்த உண்மையைச் சொல்ல வைக்கப் போகிறான் என்ற அச்சத்தில் மூன்று வாரம் பதில் சொல்லாமல் இழுத்தடித்தேன். கடைசியில் என் தம்பி, "அக்கா, வேறு யாரிடம் போய் நிற்பான்?" என்று ஒரு முறை கேட்டான், சாவியைக் கொடுத்துவிட்டேன்.

தாய் வேடத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த மேடை நடிகை, படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பு, தம் கணவர் கோயில் நிருவாகத்தில் இருப்பதால் இயலாது என்று தொலைபேசியில் அழுதுகொண்டே சொல்லிவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். வேறு வழியின்றி அந்தச் சேலையை நான் கட்டிக்கொண்டேன்.

படம் எடுப்பவர்கள் எதனோடு போராடுகிறார்கள் என்பதை அந்த நான்கு நாளில் பார்த்தேன். பெரும்பகுதி நேரம் அவர்கள் சமூகத்தோடு போராடவில்லை, ஒலியோடு போராடினார்கள். ஹடீடாப் பறவை கூரையில் உட்கார்ந்து கத்தினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். மேட்டில் டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. உம்லாசியிலிருந்து வந்த ஒலிப்பதிவாளர் என் குளிர்பெட்டியின் இரைச்சலைக் கேட்டதும் அதை அணைத்துவிட்டுத் தன் கார்ச் சாவியை அதற்குள்ளே வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுக்குப் போகும்போது சாவியைத் தேடுவேன், ஆன்ட்டி, அப்போதுதான் பெட்டியை மறக்காமல் போட்டுவிட்டுப் போவேன்" என்றார். ஒரே மீன் குழம்பை மூன்று நாள் சூடுபடுத்தி, தட்டில் முந்தைய நாள் இருந்த அதே அளவு சோற்றை அளந்து வைத்தோம். நண்பனாக நடித்த ஃபீனிக்ஸ் பையன் ஒரே நாளில் ஏழு தட்டு உண்டுவிட்டு, அடுத்த நாள் மீனைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான்.

உண்மையான சிக்கல் ஒரு சொல்லில் வந்தது. மகன் தாயிடம் சொல்லும் வரியை என் மருமகன் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். அதைத் தமிழில் மாற்றித் தரச் சொன்னான். எனக்குத் தெரிந்த அகராதிச் சொற்கள் எல்லாம் ஒன்று குற்றப்பத்திரிகை போல இருந்தன, அல்லது மருத்துவச் சான்றிதழ் போல இருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் வற்புறுத்தியதன் பேரில் தமிழக அரசு 2022இல் இதற்கான சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது; நல்ல பணி, நானும் இந்தப் பதிலில் அந்தச் சொற்களில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது அன்றே இருந்திருந்தாலும், அரசிதழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் தாயிடம் பேசிவிட முடியாது. எங்கள் தெருக்களில் புழங்கிய சொற்களோ வசைகள். ஆலிவர் ஹெர்மனஸ் 2019ஆம் ஆண்டுப் படத்துக்கு அப்படிப்பட்ட ஓர் ஆப்பிரிகான்ஸ் வசைச்சொல்லையே துணிந்து பெயராக வைத்தார்; 2011இலேயே "ஸ்கோன்ஹேய்ட்" படத்துக்காகக் கான் விழாவில், தன்பாலீர்ப்பு போன்றவற்றைப் பேசும் படங்களுக்கான குவியர் பாம் விருது வாங்கியவருக்கு அந்தத் துணிவு கைவந்தது. என் சமையலறைக்கு அது ஒத்துவராது.

இரண்டு இரவுகள் யோசித்த பிறகு, மகனுக்கு வரியே வேண்டாம், தாய்க்குக் கொடு என்றேன். டர்பனில் மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்ட்டிதான். ரொட்டிக்கடைக்காரருக்கும் நான் ஆன்ட்டி, ஒலிப்பதிவாளருக்கும் ஆன்ட்டி. படத்தில் அந்த நண்பனும் சாப்பிட்டு எழுந்து, "நன்றி, ஆன்ட்டி" என்கிறான். தாய் அவன் கையில் தண்ணீர் ஊற்றியபடி, "ஆன்ட்டி வேண்டாம், அத்தைன்னு கூப்பிடு" என்கிறாள். அவ்வளவுதான். எங்கள் வீடுகளில் தமிழ் எவ்வளவு தேய்ந்துபோனாலும் முறைச்சொற்கள் தேயவில்லை. தம்பி பிள்ளையாக இல்லாத ஒருவன் ஒரு பெண்ணை அத்தை என்று அழைப்பதாயின் அவன் அவளுக்கு யார் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மருமகன் அந்த வரியைக் கேட்டுவிட்டு முற்றத்துக்குப் போய்க் கறிவேப்பிலை மரத்தடியில் வெகுநேரம் நின்றான்.

இந்த இடத்தில் ஒரு குறையைச் சொல்லாமல் என்னால் நகர முடியவில்லை. ஒரு விழாவுக்கு அனுப்பியபோது, அவர்கள் தயாரித்த ஆங்கிலத் துணையுரையில் இரண்டு சொற்களும் ஒரே சொல்லாகிவிட்டன. "என்னை ஆன்ட்டி என்று கூப்பிடாதே, ஆன்ட்டி என்று கூப்பிடு" என்று ஒரு தாய் திரையில் உளறிக்கொண்டிருந்தாள். விளக்கம் எழுதி அனுப்பினேன்; வரி நீளும் என்றார்கள். அதே படத்தை இந்தியப் பண்பாட்டு விழா ஒன்றுக்குக் கொடுத்தபோது, படம் நன்று, ஆனால் குடும்பங்கள் வரும் நாள் என்று தயங்கினார்கள். தன்பாலீர்ப்பாளர் விழா ஒன்றின் தேர்வாளரோ, இதில் ஒரு முத்தம்கூட இல்லையே என்றார். இரண்டு வீட்டுக்கும் வேண்டாத பிள்ளையாயிற்று படம். இத்தனைக்கும், சென்னையிலிருந்து வரும் பெரிய படங்களில் நளினமாக நடக்கும் ஓர் ஆணைக் கோமாளியாக்கி அடிக்கும் காட்சிக்கு, குடும்பம் குடும்பமாக இதே மக்கள் கடைவளாகத் திரையரங்கில் சிரித்து மகிழ்வதை நான் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு, சொந்தச் சனத்தைப் பழித்துப் புகழ் தேடுகிறாள் என்று எழுதக் காத்திருப்பவர்கள், நான் இங்கே பெயர் போடாமல் எழுதுகிறேன் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பெயரைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெவர்லி டிட்ஸியும் நிக்கி நியூமனும் 2002இல் எடுத்த "சைமனும் நானும்" என்ற ஆவணப்படத்தை மருமகன் எனக்குப் போட்டுக் காட்டினான். நிறவெறி அரசு சிறையிலிட்ட போராளியும், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவருமான சைமன் ன்கோலியோடு டிட்ஸிக்கு இருந்த தோழமையைப் பற்றியது அது. 1990 அக்டோபர் 13 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் அவர்கள் நடத்திய, தன்பாலீர்ப்பாளர்களின் முதல் பெருமை ஊர்வலத்தில், சிலர் கண்ணுக்கு மட்டும் துளையிட்ட காகிதப் பைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். முகம் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும். பாவம் என்றேன் நான். படத்தொகுப்பு முடிந்து பெயர்ப் பட்டியல் தயாரான கடைசி நாளில், என் பெயரை எடுத்துவிடு என்று கேட்டவளும் நானே. முகத்தைப் பத்தொன்பது நிமிடம் காட்டிவிட்டுப் பெயரை மட்டும் மறைத்தால் யாருக்குத் தெரியாமல் போகும் என்று அவன் கேட்கவில்லை. சனிக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள் என்ற என் காரணத்தைக் கேட்டுக்கொண்டான். ஏழு பேரில் நான்கு பேர் முன்பே புனைபெயர் கேட்டிருந்தார்கள். என் பெயர் இருந்த இடத்தில் "அத்தை" என்று போட்டான்.

படத்தை ஊரில் ஒரே ஒருமுறை, நாற்பது நாற்காலி போட்ட ஒரு சிறிய கலைக்கூடத்தில் காட்டினோம். தேநீர் மேசையருகே, என் வயதிருக்கும் ஒரு பெண் வந்து, குழம்பில் கத்தரிக்காய் போட்டீர்களா என்று விசாரித்தார். போட்டேன் என்றேன். சற்று நேரம் நின்றுவிட்டு, "அந்த அத்தை என்ற வரியை யார் எழுதியது?" என்று கேட்டார். மருமகன் எழுதினான் என்று சொன்னேன். படத்தின் குறுந்தட்டு இரண்டு வேண்டும் என்றார். ஒன்று தமக்கு, இன்னொன்று தபாலில் போக வேண்டும் என்றார். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. யாருக்காக எடுக்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த இரண்டாவது குறுந்தட்டுதான். அதை வைத்துக்கொண்டு எல்லோருக்காகவும் நான் பேசிவிட முடியாது.

யாரை எதிர்த்து என்று கேட்டால், பல நேரம் என்னைப் போன்றவர்களை எதிர்த்துத்தான். ராபன் தீவில் கைதிகளாக இருந்து 1735இல் கடலில் மூழ்கடித்துக் கொல்லப்பட்ட கிளாஸ் பிளாங்க், ரேய்க்ஹார்ட் யாகோப்ஸ் என்ற இருவரின் கதையை ஜான் கிரேசனும் ஜாக் லூயிஸும் 2003இல் "புரோட்டியஸ்" என்று படமாக்க முடிந்தது, நீதிமன்ற ஏட்டில் அந்த இருவரின் பெயர்கள் இருந்ததால். எங்கள் தெருக்களில் வாழ்ந்து மறைந்தவர்களுக்கு அப்படி ஓர் ஏடுகூட இல்லை. பெயரை நாங்களே எடுத்துவிட்டோம்.

உங்கள் பிள்ளை இடம் கேட்டால் கொடுங்கள். குளிர்பெட்டியை அணைப்பார்கள், கெட்டுப்போகும் பொருளை முன்பே பக்கத்து வீட்டில் வைத்துவிடுங்கள். சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர்களுடைய செலவில் பெரும்பங்கு குறையும். பெயர் வேண்டாமென்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்; நான் கடைசி நாளில் சொன்னதால், ஓடும் பட்டியலைத் திரும்பச் செய்வதற்காக அவன் விடியும்வரை கணினிமுன் உட்கார்ந்திருந்தான், காலையில் நான் கொண்டுபோன காப்பியை வாங்கி, "பரவாயில்லை, அத்தை" என்றான்.