புது கிட்டார், புதுக் கம்பி: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அகூஸ்டிக் கிட்டார் வாங்குவதையும் அதற்குக் கம்பி தேர்ந்தெடுப்பதையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாகப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: பாடிக்கொண்டே கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. விரல் வலிக்காது என்று சொல்லிச் சிலர் நைலான் கம்பிக் கிட்டாரை வாங்கச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: ஸ்டீல் கம்பிக் கிட்டாரையே வாங்குங்கள். நைலான் விரலுக்கு இதமானது என்பது உண்மைதான். ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை நைலானில் சுமார் 40 கிலோ. ஸ்டீலில் வழக்கமான 12 செட் (இந்த எண்ணின் பொருளைக் கீழே சொல்கிறோம்) போட்டால் 70 கிலோவைத் தாண்டும். ஆனால் நைலான் கிட்டாரின் நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து), நட் (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு பட்டை) இருக்கும் இடத்தில் சுமார் 52 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீல் கிட்டாரில் 43 அல்லது 44தான். கம்பிகள் தள்ளித் தள்ளி இருப்பது ஒவ்வொன்றாக மீட்டுவதற்கு வசதி. சின்னக் கை கார்டு பிடிப்பதற்கு அதுவே இடைஞ்சல். கிளாசிக்கல், ஃபிளமெங்கோ, போசா நோவா வாசிக்க விரும்புகிறவர்கள் நைலான் பக்கம் போகலாம். ஸ்டீல் கம்பி தரும் வலி, விரல்நுனி காய்த்ததும் சில வாரங்களில் அடங்கிவிடும். அதன் பிறகும் வலித்தால் கோளாறு விரலில் இல்லை, கிட்டாரில் இருக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

கேள்வி: வீட்டில் பழைய நைலான் கிட்டார் ஒன்று இருக்கிறது. அதில் ஸ்டீல் கம்பி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அதன் மேல்பலகையும் உள்ளே ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகளும் பாதி விசைக்காகச் செய்யப்பட்டவை. பல நைலான் கிட்டார்களில் நெக்குக்குள் டிரஸ் ராடும் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கிடையாது. நெக் வளையும், பலகை உப்பும், கடைசியில் பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகள் மாட்டப்படும் கட்டை) பிய்ந்துகொண்டு வரும்.

கேள்வி: கடையில் கிட்டாரைக் கையில் கொடுத்ததும் என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. வாசிக்கத் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய சோதனைகள் உண்டா?

பதில்: உண்டு. முதல் வேலை சுதி சேர்க்கச் சொல்வது. அரைச் சுரமோ ஒரு சுரமோ இறக்கி வைத்த கிட்டாரில் கம்பி தளர்ந்திருக்கும். எந்தக் கிட்டாரும் அப்போது மெத்தென்றுதான் இருக்கும். செல்பேசியில் ஒரு ட்யூனர் செயலி போதும். ஆறாம் கம்பியிலிருந்து (மிகத் தடித்தது ஆறாவது, மிக மெல்லியது முதலாவது) ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.

அடுத்து ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃப்ரெட்டிலிருந்து (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) 14 வரை ஒன்றொன்றாக அழுத்தி, ஒரே அளவு பலத்தில் மீட்டுங்கள். பத்து நிமிடம் ஆகும், அவசரப்பட வேண்டாம். எங்காவது கம்பி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கிறதா, ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் மட்டும் ஒலி செத்துப்போகிறதா என்று கேளுங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கரகரப்பு என்றால் அந்த இடத்துக்கு அடுத்த ஃப்ரெட் மேலெழும்பி நிற்கிறது என்று பொருள். புதுக் கிட்டாரில் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை; வேறொன்று கேளுங்கள்.

பிறகு 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி வரும் ஹார்மானிக்கையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினால் வரும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கம்பி புதிதாக இருந்தும் அழுத்திய சுரம் தெளிவாக ஏறி நின்றால், ஒன்று கம்பி அதிக உயரத்தில் இருக்கிறது, அல்லது சாடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகள் தாங்கி நிற்கும் மெல்லிய பட்டை) சரியான இடத்தில் இல்லை.

பிரிட்ஜின் பின்விளிம்பில் மெல்லிய காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் ஒட்டு விட ஆரம்பித்துவிட்டது. பிரிட்ஜுக்கு மேலே சாடில் எவ்வளவு தெரிகிறது என்பதையும் பாருங்கள். பலரும் கவனிக்கத் தவறும் இடம் இது. 3 மில்லிமீட்டராவது தெரிய வேண்டும். சாடில் ஏற்கெனவே தேய்க்கப்பட்டுத் தாழ்ந்திருந்து, கம்பி இன்னும் உயரமாகவே இருந்தால் நெக் பொருந்தியிருக்கும் கோணமே தவறு. அதைச் சரிசெய்ய நெக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். அந்தக் கிட்டாரை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, நெக்கின் இரு ஓரங்களிலும் உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் நுனிகள் கீறக் கூடாது. ட்யூனிங் கீகளைத் திருப்பும்போது சுதி உடனே நகர வேண்டும். திருப்பியும் நகராமல் இருந்து திடீரென்று தாவினால் கீ தளர்ச்சி, அல்லது நட் பள்ளத்தில் கம்பி இறுகியிருக்கிறது.

கேள்வி: ‘சாலிட் டாப்’ என்று விற்கிறார்கள். உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது அவசியமா?

பதில்: ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள். மேல்பலகையில் ஓடும் மரக்கோடுகள் விளிம்பின் தடிமனிலும் அப்படியே கீழிறங்கினால் அது ஒரே மரத்துண்டு. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒலியில் பெரும்பங்கு மேல்பலகைக்குத்தான் என்பதால், முதல் கிட்டாருக்கு எங்கள் தேர்வு இதுதான்: மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ் அல்லது சீடர், பின்னும் பக்கமும் ஒட்டுப்பலகை. முழுவதும் சாலிட் மரம் என்றால் ஒலி இன்னும் வளமாகும். ஈரப்பத மாற்றத்துக்கு அது வெடிக்கும் அபாயமும் கூடும். வகுப்புக்கும் பயணத்துக்கும் தூக்கிக்கொண்டு அலையப் போகிற கிட்டார் முழுக்க ஒட்டுப்பலகையாக இருந்தாலும் தவறில்லை.

கேள்வி: என் உயரம் குறைவு. ட்ரெட்நாட் எனப்படும் பெரிய உடல் வடிவக் கிட்டார் எனக்கு ஒத்துவருமா?

பதில்: உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். வலது தோள் மேலே தூக்கிக்கொண்டால் உடல் பெரிது; கான்செர்ட் அல்லது ஓஎம் எனப்படும் சிறிய வடிவத்துக்கு மாறுங்கள். ஒலியின் அடர்த்தி கொஞ்சம் குறையும், தோள் தப்பிக்கும்.

கேள்வி: கிட்டார் வாங்கி நான்கு மாதமாகிறது. எஃப் கார்டு வரவே இல்லை. விரல் எரிகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். கம்பி மாற்றினால் தீருமா?

பதில்: மெல்லிய கம்பி ஓரளவு உதவும். அதற்கு முன் கம்பியின் உயரத்தை அளந்துவிடுங்கள். இந்த ஒன்றை அளக்காததால் கிட்டாரையே விட்டவர்கள் ஏராளம், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

ஒரு சோதனை செய்யுங்கள். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுவிட்டு, எஃப் கார்டின் அதே வடிவத்தை இரண்டாம் ஃப்ரெட்டில் பிடியுங்கள். திடீரென்று எளிதாக வந்துவிட்டால் குற்றவாளி நட். அதன் பள்ளங்கள் போதுமான ஆழத்துக்கு வெட்டப்படவில்லை. குறைந்த விலைக் கிட்டார்கள் பலவற்றில் இந்தக் குறை இருக்கிறது. கேப்போ இல்லாமலும் பார்க்கலாம்: ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். ஒரு தாள் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். நட் உயரமாக இருந்தால் கை வலிப்பது மட்டுமல்ல, முதல் ஃப்ரெட்டில் அழுத்தும் சுரங்களெல்லாம் ஏறி ஒலிக்கும். திறந்த கம்பிகள் சுதியில் இருந்தும் கார்டு கசக்கும்.

நட் சரியென்றால் 12ஆம் ஃப்ரெட்டுக்கு வாருங்கள். சுதி சேர்த்த நிலையில், ஃப்ரெட்டின் மேல்பக்கத்திலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை ஆறாம் கம்பியில் 2.4 முதல் 2.8 மில்லிமீட்டர், முதல் கம்பியில் 1.8 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் நல்ல அளவு. மூன்றரை, நான்கு என்று காட்டினால் எந்தக் கையும் எரியும்.

இதற்குச் சாடிலைத் தேய்க்க வேண்டும், ஆனால் நெக்கின் வளைவை முதலில் பார்க்க வேண்டும். ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், ஏழாம் ஃப்ரெட்டின் மேல் 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அதிகமென்றால் டிரஸ் ராடை இறுக்க வேண்டும், ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு முறையும் சுதி சேர்த்து மறுபடி அளந்து. டிரஸ் ராட் நெக்கின் வளைவுக்கானது. கம்பி உயரத்தை அதை வைத்தே குறைக்கப் பார்ப்பவர்கள் நெக்கைப் பின்னோக்கி வளைத்துவிடுகிறார்கள்.

வளைவு சரியானதும் சாடிலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் தேய்க்கலாம். 12ஆம் ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர் குறைய, சாடிலில் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும். பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தேயுங்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. நட்டை மட்டும் நீங்களே வெட்டாதீர்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் அளவுக்கேற்ற தனி அரம் தேவை. ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 10, 11, 12, 13 என்று செட்களின் மேல் போட்டிருக்கிறது. என் கிட்டாருக்கு எது?

பதில்: அந்த எண் முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். 12 செட் என்றால் முதல் கம்பி 0.012 அங்குலம், ஆறாவது 0.053 அல்லது 0.054. முழு செட்டின் இழுவிசை ஏறக்குறைய இப்படி: 10 செட்டில் 60 கிலோ, 11இல் 67, 12இல் 73, 13இல் 84.

பெரும்பாலான ஸ்டீல் கிட்டார்கள் 12 செட்டை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. ட்ரெட்நாட்டில் மேல்பலகையை முழுதாக அசைக்க அந்த விசை வேண்டியிருக்கிறது. 10 போட்டால் ஒலி ஒல்லியாகிவிடும். கற்பவர்களுக்கு 11 செட் நல்ல நடுவழி. 10ஐச் சின்ன உடல் கிட்டாருக்கும், கையில் வலியோ மூட்டுப் பிரச்சினையோ உள்ளவர்களுக்கும் சொல்வோம். பிக்கால் (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஓங்கி அடித்து வாசிப்பவர்களும், சுதியை இறக்கி வைத்து வாசிப்பவர்களும் 13 கேட்பார்கள். அதைப் போடுமுன் கிட்டாரைச் செய்த நிறுவனம் அனுமதிக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

நெக்கின் நீளத்தையும் கணக்கில் சேருங்கள். நட்டிலிருந்து சாடில் வரை 25.4 அங்குலம் உள்ள கிட்டாரைவிட 24.75 அங்குலக் கிட்டாரில் அதே செட் சுமார் 5 சதவீதம் தளர்வாக இருக்கும். அரைச் சுரம் இறக்கிச் சுதி சேர்த்தால் 11 சதவீதம் தளரும். 12 செட் மாட்டிய கிட்டாரை வாங்கிவிட்டுத் திணறுகிறவர்கள் அரைச் சுரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு வாசித்துப் பார்க்கலாம். சுரம் மாறாது, கை தளரும்.

கேள்வி: கம்பிகளில் 80/20 பிரான்ஸ் (bronze), பாஸ்பர் பிரான்ஸ், கோட்டிங் போட்டது — எதை எடுப்பது?

பதில்: முதல் இரண்டு கம்பிகள் எல்லாச் செட்டிலும் வெறும் ஸ்டீல்தான். வேறுபாடு, மேலே மெல்லிய கம்பி சுற்றப்பட்ட மற்ற நான்கில் மட்டும். 80/20 என்பது 80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம். மாட்டிய அன்று பளீரென்று ஒலிக்கும், வியர்வை பட்டதும் சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸ் செம்பும் ஏறக்குறைய 8 சதவீதம் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் சேர்ந்தது. 1974இல் டி'அடாரியோ நிறுவனம் கிட்டார் கம்பிக்குக் கொண்டுவந்தது. ஒலி சற்றுக் கனிந்திருக்கும், அதே குணத்தில் அதிக நாள் நிற்கும். குரலுக்குத் துணையாக வாசிக்க எங்கள் வாக்கு பாஸ்பர் பிரான்ஸுக்கு. ஏற்கெனவே மந்தமாக ஒலிக்கும் கிட்டாரென்றால் 80/20 போட்டுப் பாருங்கள். கை அதிகம் வியர்ப்பவர்கள் கோட்டிங் போட்டதையே வாங்கலாம்: விலை கூடுதல், ஆனால் சாதாரணக் கம்பியைப் போலப் பல மடங்கு உழைக்கும்.

கேள்வி: 12 செட்டை எடுத்துவிட்டு 10 போட்டேன். இப்போது முதல் நான்கைந்து ஃப்ரெட்களில் கம்பி அடிக்கிறது. மட்டமான கம்பியா?

பதில்: கம்பி நல்லதுதான். இழுவிசை குறைந்ததும் டிரஸ் ராடின் பிடி ஓங்கி நெக் நிமிர்ந்துவிட்டது. மேலே சொன்னபடி ஏழாம் ஃப்ரெட்டில் இடைவெளியை அளந்து, டிரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்துங்கள். மெல்லிய கம்பி அகலமாக அதிரும் என்பதால் வலது கையின் வேகத்தையும் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். திறந்த கம்பியில் மட்டும் கரகரத்தால் நட் பள்ளம் அந்தக் கம்பிக்கு ஆழமாகிவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி: கம்பி மாற்றும்போது பிரிட்ஜ் பின் (கம்பியைப் பிரிட்ஜ் துளையில் பிடித்துவைக்கும் முளை) துள்ளி வெளியே வருகிறது. மாட்டிய பிறகு இரண்டு நாள் சுதியே நிற்பதில்லை.

பதில்: பின் துள்ளுவதற்குக் காரணம், கம்பி முனையிலுள்ள குண்டு பின்னின் நுனியில் உட்கார்ந்திருப்பது. குண்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டரை லேசாக வளைத்துத் துளைக்குள் விடுங்கள். பின்னின் பள்ளம் கம்பியைப் பார்த்தபடி, நெக் பக்கமாக இருக்கட்டும். பின்னை மெதுவாக வைத்து, கம்பியை மேல்நோக்கி இழுங்கள். குண்டு உள்பலகையில் போய் இடித்து நிற்பது கையில் தெரியும். அதன் பிறகு பின்னை அழுத்துங்கள். அடித்து இறக்கத் தேவையில்லை.

சுதிக்கு வருவோம். கம்பியை அதன் கீக்கு அப்பால் சுமார் 5 சென்டிமீட்டர் விட்டுச் சுற்ற ஆரம்பியுங்கள். தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லியவற்றுக்கு மூன்று நான்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்க வேண்டும். மேலே மேலே ஏறிய சுற்றுகள்தான் நாள்முழுதும் நழுவிக்கொண்டே இருக்கும். சுதிக்கு வந்ததும் 12ஆம் ஃப்ரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் விரலால் மெதுவாகத் தூக்கி இழுத்து, மறுபடி சுதி சேருங்கள். நான்கைந்து முறை செய்தால் அன்றே நிலைக்கும். எப்போதும் கீழிருந்து ஏற்றியே சுதிக்கு வாருங்கள்; ஏறிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். திருப்பும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் நட் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்துவிடுங்கள், கிராஃபைட் வழுக்கிக்கொடுக்கும்.

கேள்வி: ஒரு கம்பி அறுந்தால் அதை மட்டும் மாற்றலாமா? முழு செட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: செட் புதிது என்றால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழையதென்றால் புதுக் கம்பி மட்டும் தனியாகக் கத்தும், ஆறையும் மாற்றிவிடுங்கள். தினமும் வாசிப்பவர்களுக்கு, கோட்டிங் இல்லாத செட் இரண்டு மாதம் வந்தால் நல்லது. நாளைவிட அறிகுறியைப் பாருங்கள்: கம்பியின் அடிப்பக்கத்தில் நகத்தை ஓட்டினால் ஃப்ரெட் பட்ட இடங்களில் பள்ளம் தட்டுப்படும், நிறம் கறுக்கும், சுதி சேர்த்தும் கார்டு ஒட்டாது. வாசிக்குமுன் கை கழுவி, வாசித்தபின் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்தாலே ஆயுள் நீளும். கம்பி அடிக்கடி ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்தில், சாடிலிலோ கீயிலோ, கூர்முனை இருக்கிறது. மிக மெல்லிய உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள்.